தூங்கி விழுகிற பிள்ளையை எழுப்பி ஊட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. படுத்தால் நெஞ்செரிச்சல், புளித்த தண்ணீர் எதுக்களிக்கிறது. டாக்டர் சொன்னபடி எட்டு வாரம் ஓமெப்ரசோல் மாத்திரை கொடுத்தேன், நன்றாக இருந்தான். நிறுத்தியதும் திரும்பிவிட்டது. இவன் அப்பா வேலை முடிந்து வரப் பத்து மணியாகும், அப்புறம்தான் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். சில நாள் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான், எழுப்பி ஊட்டிவிட்டுப் படுக்க வைப்பேன். இதைவிட நல்ல மருந்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தூங்கி விழுகிற பிள்ளையை எழுப்பி ஊட்டுகிறீர்களா? ஊட்டிய கையோடு படுக்கவும் வைக்கிறீர்களா? இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு என்னிடம் மருந்து கேட்கிறீர்களே, அம்மா!

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. வயிறு நிரம்பியிருக்கும்போது அது அடிக்கடி தளரும். உட்கார்ந்திருந்தால் மேலே ஏறிய அமிலம் தானே இறங்கிவிடும். படுத்துவிட்டாலோ குழாயும் பையும் ஒரே மட்டம், அமிலம் தொண்டைவரை வந்து நிற்கும். மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்குமே தவிர, அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்காது.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். ஏழு மணிக்குள் அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்.

குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அதை விரும்புகிறவள்தான் நானும். ஆனால் அரைத் தூக்கத்தில் வாயைத் திறக்கிற பிள்ளைக்கு எதிரே அப்பா இருப்பதே தெரியாது. அவன் விழித்திருக்கிற காலை நேரத்தில் அவர் அரை மணி முன்னதாக எழுந்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். அப்பாவுக்காகப் பிள்ளை பத்து மணிவரை காத்திருக்கலாம், பிள்ளைக்காக அப்பா அரை மணித் தூக்கத்தை விடக்கூடாதா?

மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். நிறுத்தியதும் தொல்லை திரும்புகிறது என்றால், குழந்தைகளுக்கான வயிறு, குடல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. போகும்போது இந்தப் பத்து மணிக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாந்தியில் ரத்தமோ பச்சை நிறமோ தெரிந்தால், விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்கினால், எடை இறங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

காலையில் எழுந்திருக்க முடியாது என்று அவர் சொன்னால், அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.