நடவாள் கூலியில் கைவைக்கலாமா?

கேள்வி: போர்ச் சூழலில் நாடே சிக்கனம் பிடிக்கும்போது, நடவுக்கும் அறுப்புக்கும் கூலியை ஏற்றிக் கேட்பது நாட்டுப்பற்றா? கூலி ஏறாமல் அரசே நிறுத்திவைத்தால் என்ன?
– ஒரு விவசாயி, நீடாமங்கலம்

பதில்: 1962-ல் சீனப் போரின்போதும் இப்படித்தான் கேட்டார்கள். அந்த நவம்பரில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் டெல்லியில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் கூடாது, உற்பத்தி குறையக்கூடாது, விலைவாசியும் ஏறக்கூடாது. வேலைநிறுத்தம் குறைந்தது. விலை மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், 1968 டிசம்பர் 25 அன்று, அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதன் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நியாயக் கூலிச் சட்டம் அதற்குப் பிறகு, 1969-ல்தான் வந்தது. இந்த மண்ணில் இருந்துகொண்டு ‘கூலியை நிறுத்திவை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உக்ரைன் போரில் உர விலை உலகம் முழுக்க எகிறியபோது, டிஏபி மூட்டை 1,350 ரூபாயைத் தாண்டாமல் அரசு மானியத்தை ஏற்றிக்கொடுத்தது. நல்ல காரியம், இல்லாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் தாளடி (இரண்டாம் போக நெல்) போட்டிருக்க முடியாது. மத்திய அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். அதுவும் நியாயமே. நடவாளுக்கு? குறைந்தபட்சக் கூலியை மறுபரிசீலனை செய்ய 1948 சட்டம் வைத்த கெடுவே ஐந்து ஆண்டு.

போன ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். நடவு முடித்து வந்த அம்மா ஒருவர், சேற்றில் ஊறி வெளுத்த விரல்களால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கால் லிட்டர் எண்ணெய் கேட்டார். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் பாதி மாசத்திலேயே தீர்ந்துவிட்டதாம். “அரிசிக்குக் கவலை இல்லைங்க. எண்ணெயும் கேஸும்தான் கூலியைத் தின்னுடுது” என்றார். போர் வந்தால் முதலில் ஏறுகிற இரண்டும் அவைதான். இவரிடம் இன்னும் எதைச் சிக்கனம் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் கஷ்டம் பொய்யில்லை. குத்தகை நிலத்தில் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) சாகுபடி செய்பவருக்குக் கூலி பெரிய சுமைதான். ஆனால் நெல்லுக்கு ஆதரவு விலை பரிந்துரைக்கும் ஆணையம் கூலியாள் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. ஏறிய கூலியைக் கொடுங்கள். கொடுத்ததை எழுதி வையுங்கள். கொள்முதல் விலையில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருங்கள். உங்களுக்கு நடவு நட்டவர்களும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். நானும் வருகிறேன்.