அந்த நீலப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள்

வணக்கம். கணவரின் பாட்டி வழியாக அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்திலிருந்து வந்த, ஆறு பலகைகளை ஆணியடித்துச் செய்த பழைய மரப்பெட்டியின் நீலப் பெயிண்டைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, குழந்தைக்குப் பொம்மைப் பெட்டியாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சாதாரண பைன் பலகை என்பதால்தான் அந்தக் காலத்தில் பெயிண்ட் அடித்தார்கள். இன்று பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு அந்தத் தேய்ந்த பெயிண்டில்தான்.

வயது தெரிய வேண்டுமா? கழன்று நிற்கும் ஆணி ஒன்றைப் பாருங்கள். நான்கு பக்கமும் கூம்பினால் கொல்லர் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் என்றால் 1790களுக்குப் பிறகு இயந்திரம் வெட்டியது. உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் பரவலானது. ஆனால் பின்னால் பழுது பார்த்தவர் அடித்த ஆணியாகவும் இருக்கலாம், இரண்டு மூன்றைப் பாருங்கள்.

முன்பலகை விரிசல் குறையல்ல. அதன் மர ரேகை படுக்கையாகவும் பக்கப்பலகையின் ரேகை நெட்டாகவும் ஓடுகிறது. ஆணி பிடித்திருக்க மரம் சுருங்கினால் பிளக்கத்தான் செய்யும். அப்படியே விடுங்கள்.

பொம்மைக்கு மட்டும் கூடவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அமெரிக்காவிலேயே 1978இல்தான் வீட்டுப் பெயிண்டில் தடை வந்தது. தேய்த்தால் தூசி வீடெல்லாம் பரவும். அப்புறம் அந்தக் கனமான மூடி, பிஞ்சு விரல்மேல் விழுந்தால்? உங்கள் படுக்கையறையில், ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்து, உள்ளே துணி விரித்துக் கம்பளி அடுக்குங்கள்.