ஒரு விசில், இரண்டு பந்துகள்
(ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவர் கடலூரிலிருந்து பதிலளிக்கிறார்)

கேள்வி: என் மகன் பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறான். கால்பந்து, கூடைப்பந்து இரண்டும் ஆடுவான். கல்லூரிப் பயிற்சியாளராக வேண்டும் என்கிறான். என்ன படிக்க வேண்டும்? பிழைக்க முடியுமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, சிறிய கல்லூரிகளில் கால்பந்துக்கென்று தனியாகப் பயிற்சியாளர் பதவி அநேகமாக இருக்காது. உடற்கல்வி இயக்குநர் என்று ஒரே நாற்காலிதான். அதில் உட்காருபவர் இரண்டு பந்துக்கும் பொறுப்பு. விளையாட்டு விழாவுக்கும் பொறுப்பு. சுதந்திர தினத்தன்று கொடிக்கயிறு சிக்கினாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

பட்டம் முடித்தபின் பி.பி.எட். என்ற உடற்கல்வி இளநிலைப் படிப்பு 2 ஆண்டுகள், எம்.பி.எட். என்ற முதுநிலைப் படிப்பு 2 ஆண்டுகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் எம்.பி.எட்.டில் 55 சதவீதமும், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும், அணிக்காக ஆடிய சான்றும் கேட்கின்றன. உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடங்களில் 1,800 மீட்டரைக் கடக்க வேண்டும். இன்று உங்கள் மகனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மைதானத்தை மறந்துவிட்டால் அன்றைக்கு மூச்சு வாங்கும்.

பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. சென்னை நந்தனத்தில், ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. படிக்கும்போதே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமத்தில் 'டி' நிலையையாவது வாங்கிவிடச் சொல்லுங்கள். பட்டம் வேலைக்கு, உரிமம் ஆட்டம் சொல்லிக்கொடுக்க. இரண்டும் ஒன்றல்ல.

பிழைப்பு? நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர் ஓய்வுபெறும்வரை அது காலியாகாது. அதுவரை தொகுப்பூதியம். அந்த ஆண்டுகளைத் தாங்க வீட்டில் வசதி உண்டா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொன்று: அவன் நன்றாகக் கடிதம் எழுதப் பழகட்டும். பஸ் கட்டணம், வருகைப்பதிவுச் சலுகை, பந்து வாங்க முன்பணம் எல்லாமே கடிதம்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஜெர்சிக்கான ஒப்புதல், போட்டியில் தோற்றுத் திரும்பிய மறுவாரம் வந்தது. கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

கேள்வி: இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே ஆள் பயிற்சி தருவது சரியா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: பல இடங்களில் ஆட்டக்காரர்களே ஒரே ஆட்கள்தானே, ஐயா! கூடைப்பந்தில் எதிராளியை மறிக்கும்போது பந்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்போம். பந்தைக் காட்டி ஏமாற்றலாம், இடுப்பைக் காட்டி ஏமாற்றுவது கடினம். இதை நன்றாகக் கற்ற பையன் கால்பந்தில் தடுப்பாட்டக்காரனாக நின்றால் அவசரப்பட்டுக் காலை நீட்ட மாட்டான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எகிறிப் பிடிப்பவனை நான் கோல்கீப்பராக நிறுத்திப் பார்ப்பேன், பெரும்பாலும் தேறிவிடுவான்.

முழங்கால்தான் எனக்குக் கவலை. நம் பக்கம் கூடைப்பந்துத் தளங்களில் பல வெறும் சிமென்ட். ஐப்பசி மழையில் கால்பந்து மைதானம் குளமாகிவிட்டால், மழை விட்ட நேரத்தில் எல்லாரும் அந்தச் சிமென்ட்டுக்கே வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் எகிறிக் குதிக்கும் பயிற்சியைப் பாதியாக்கி, நின்றபடி பந்து கடத்துவதையும் ஃப்ரீ த்ரோவையும் கூட்டுங்கள். நாள்தோறும் சிமென்ட்டில் குதிக்க வைப்பவரை நான் பயிற்சியாளர் என்றே சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெண்பிள்ளைக்குக் கால்பந்து எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கடலூரில் இருந்துகொண்டா கேட்கிறார்கள்? இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்ப் பெண். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-இல் தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல்முறையாகக் கோப்பை வாங்கியதையும் அவர்களிடம் சொல்லுங்கள். மகளைத் தயங்காமல் அனுப்புங்கள். ஷூவை மட்டும் அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்காதீர்கள். கால் நகம் பெயர்ந்துவிடும்.