வாட்ச்சா, ஷூவா, போஸ்ட் ஆபீஸா?

கேள்வி: அக்கா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மாமா, சித்தப்பா எல்லாரும் கொடுத்த பணமும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்த பணமும் சேர்த்து போஸ்ட் ஆபீஸ் கணக்கில் 6,800 ரூபாய் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஆன்லைனில் பெரிய தள்ளுபடி விற்பனை வரப்போகிறது. 5,999 ரூபாய் ஸ்மார்ட் வாட்ச் 1,799க்குக் கிடைக்கும் என்று இப்போதே காட்டுகிறார்கள். பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறேன், நல்ல ஷூவும் வேண்டும். அப்பா, "ஒரு பைசா எடுக்கக் கூடாது, காலேஜுக்கு ஆகும்" என்கிறார். தோழிகள், "இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்" என்கிறார்கள். அண்ணன் தன் கார்டில் ஈஎம்ஐ போட்டுத் தருவதாகச் சொல்கிறான். செலவு செய்யவா, சேர்க்கவா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தில் வாட்ச்சுக்கு இரண்டு விலை எழுதியிருக்கிறாய். ஷூவுக்கு ஒரு விலைகூட எழுதவில்லை. அதைப் படித்ததுமே எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஓடுகிறவள் நீ, ஷூ வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். ஆனாலும் என்ன விலை என்று நீ போய்ப் பார்க்கவில்லை. வாட்ச் மட்டும் உன் போனுக்குள் தானாக வந்து, விலையையும் சொல்லி, நாளையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அந்த 5,999ஐ முதலில் பார்த்துவிடுவோம். பெட்டியின் மேல் எம்ஆர்பி என்று அச்சடித்திருப்பார்களே, அந்த விலையைப் போடுவது பொருளைத் தயாரிக்கிறவரோ இறக்குமதி செய்கிறவரோதான். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த விலைக்கு எந்தக் கடையிலாவது யாராவது வாங்கினார்களா என்று சட்டம் கேட்பதில்லை. 5,999ஐ அடித்துவிட்டு 1,799 என்று போட்டால் 70 சதவீதத் தள்ளுபடி. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அதே வாட்ச் போன மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையில் 1,899க்கு இருந்திருந்தால் உனக்குக் கிடைத்தது வெறும் 100 ரூபாய்தான். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டு விலையை எழுதி வை. வாரத்துக்கு இரண்டு தடவை எழுதினால் போதும். விற்பனை நாளன்று அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைத் திற.

கடை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உள்விவரம் தெரியும். கல்லூரி முடித்ததும் இரண்டு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. கிராமத்தில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கையில் இருக்கிற காசு விதைக்கும் உழவுக்கும் போய்விடும். ஜவுளிக்கடையில் ஈ ஓட்ட வேண்டிய மாதம் அது. தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடலாம் என்று தொடங்கியதுதான் ஆடித் தள்ளுபடி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே நிலைமை வேறு. ஆனிக் கடைசியில் லாரி லாரியாகப் புதுச் சரக்கு வந்து இறங்கும், எல்லாம் ஆடிக்கென்றே கொள்முதல் செய்தது. தேங்கிய சரக்கு ஒரு மேசையில் இருந்தால், தள்ளுபடிக்காகவே வந்த சரக்கு பத்து மேசையில் இருக்கும். எது எந்த ரகம் என்று சேல்ஸ் பெண்களுக்குத் தெரியும், வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்த நானே 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று சுடிதார் மெட்டீரியல் எடுத்தேன். இலவசமாக வந்தது வாடாமல்லி நிறம். துணி இலவசம் சரி, லைனிங்கும் தையல்கூலியும் யார் கொடுப்பது? இன்னும் பீரோவின் அடித்தட்டில்தான் கிடக்கிறது.

அதற்காகத் தள்ளுபடி எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் குறைக்கிறார்கள் என்றால், மற்ற மாதங்களில் அதே சேலை முழு விலைக்கு விற்பதை நாமே கண்ணால் பார்க்கலாம். ஷூ, போன், பை போன்றவற்றில் புது மாடல் வந்ததும் போன வருட மாடலின் விலை நிஜமாகவே இறங்கும். உனக்கு வேண்டியது அந்த வகைக் குறைப்பு.

"இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்" என்கிற உன் தோழிகளுக்கு ஒரு பழைய கதை. 2014 அக்டோபர் 6ஆம் தேதி ஃப்ளிப்கார்ட் 'பிக் பில்லியன் டே' என்று ஒரே ஒரு நாள் விற்பனை வைத்தது. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. சரக்கு தீர்ந்தது, போட்ட ஆர்டர்கள் ரத்தாயின, விலை மாறியதாகவும் புகார் வந்தது. மறுநாள் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த வருடமே அந்த ஒரு நாள் பல நாளாகிவிட்டது. இப்போது பார், குடியரசு தினத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கிறது. தவறவிட்ட பஸ்ஸுக்குப் பின்னாலேயே அடுத்த பஸ் வருகிற ரூட் இது.

அப்புறம் அந்த அவசரம். 'இன்னும் 2 மட்டுமே உள்ளன', ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம், கேட்காமலே கூடையில் வந்து உட்காரும் இன்சூரன்ஸ், 'வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை' என்று நம்மையே அழுத்தச் சொல்லும் பட்டன். இதெல்லாம் தற்செயலாக வருவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய் அவசரம் காட்டுவதும், கூடையில் நைசாகச் சேர்ப்பதும், வேண்டாம் என்கிறவரைக் குற்றவாளி போல உணர வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி மாட்டிக்கொண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் எனக்குத் தெரிந்து இதற்கெல்லாம் நல்ல மருந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்வதுதான். நள்ளிரவில் தொடங்கும் விற்பனையை நான் காலையில் பல் தேய்த்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

அண்ணனின் ஈஎம்ஐ யோசனையை இப்போதே விட்டுவிடு. பதினெட்டு வயது ஆகாதவர்கள் போடும் கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் யாரும் உன் பெயரில் தர மாட்டார்கள். ஆகவே கடன் அண்ணனுடையது, மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டியவனும் அவனே. 'வட்டியில்லா ஈஎம்ஐ' என்றாலும் பெரும்பாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கும், வட்டிக் கணக்கின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும். கையில் பணம் வைத்துக்கொண்டு 1,799 ரூபாய்க்கு அண்ணனிடம் எதற்குக் கடன்?

இனி அப்பா. அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. கல்லூரி சேருகிற மாதத்தில் ஃபீஸ் மட்டும் செலவில்லை. விண்ணப்பம், பஸ், பை, ஹாஸ்டல் என்றால் வாளியும் மக்கும் வரை 500, 500ஆகக் கரையும். அப்போது உன் கணக்கில் 4,000 ரூபாய் இருந்தால் வீட்டில் எவ்வளவு நிம்மதி என்று பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட எல்லா அப்பாக்களுக்கும் தெரியும். ஆனால் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் 4 சதவீதம்தான். 6,800க்கு வருடம் 272 ரூபாய். மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கும் ஆர்டியும் உனக்குத் தோதுப்படாது. அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. நீ அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பாய். அதே போஸ்ட் ஆபீஸில் ஒரு வருட டைம் டெபாசிட் இருக்கிறது. நான் இதை எழுதும்போது அதற்கு வட்டி 6.9 சதவீதம். குறைந்தது 1,000 ரூபாய் போட வேண்டும். பத்து வயது தாண்டியவர்கள் தங்கள் பெயரிலேயே தொடங்கலாம். 4,000 போட்டால் வருடக் கடைசியில் 280 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு விற்பனைக்கும் கை அரிக்கும்போது அந்தப் பணம் சட்டென்று கைக்கு எட்டாது.

இந்தப் பத்தியை மட்டும் அப்பாவிடம் காட்டு. அண்ணே, ட்யூஷன் எடுத்துச் சம்பாதித்த பிள்ளை உங்களைக் கேட்காமல் எடுத்திருக்க முடியும், ஆனாலும் எடுக்கவில்லை. கணக்கு அவள் பெயரில், கையெழுத்தும் அவளுடையது, செலவழிக்க மட்டும் ஒருபோதும் அனுமதி இல்லை என்றால் அது உங்கள் பணமாகிவிடுகிறது. அப்புறம் அவள் சேர்ப்பதை நிறுத்திவிடுவாள், இல்லையென்றால் உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவாள். தப்பே செய்தாலும் இந்த வயதில் 2,000 ரூபாயோடு போகும். கையில் கிரெடிட் கார்டு வந்த பிறகு செய்கிற தப்பு அவ்வளவு மலிவாக முடியாது.

சரி, ஷூ. இந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் இரண்டு மூன்று கடையில் போட்டுப் பார். பிடி டீச்சரிடமும் கேள். நீ ஓடுவது மண் தரையிலா, சிந்தெடிக் டிராக்கிலா என்பதைப் பொறுத்து அடிப்பாகம் மாறும். சாயங்காலம் போ, நடந்து திரிந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. பிராண்ட், மாடல், சைஸ், கடை விலை நான்கையும் அதே நோட்டில் எழுதிக்கொள். விற்பனையில் அதே சைஸ் விலை குறைந்து வந்தால் வாங்கு. வேறு சைஸில்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடு. கடிக்கிற ஷூவில் 60 சதவீதத் தள்ளுபடி இருந்து என்ன பயன்? இன்னொன்று, போட்டி எப்போது என்று நீ எழுதவில்லை. விற்பனைக்கு முன்னாலோ, விற்பனை முடிந்த கையோடோ என்றால் காத்திருக்காதே, கடை விலை கொடுத்து இப்போதே வாங்கு. புது ஷூ காலுக்குப் பழக இரண்டு வாரமாவது வேண்டும். அதை மாட்டிக்கொண்டு நேராகப் போட்டியில் ஓடினால் கொப்புளம்தான் மிஞ்சும்.

2,000 ரூபாய்க்குள் ஷூ, 4,000 டெபாசிட், மீதி 800 கணக்கிலேயே இருக்கட்டும். கணக்கு நடப்பில் இருக்க 500 ரூபாய் கட்டாயம் வேண்டும். ஷூ 2,200 ஆகிவிட்டால் டெபாசிட்டில் 200ஐக் குறைத்துக்கொள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

வாட்ச்சை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 800 மீட்டர் ஓடுகிறவளுக்கு நேரம் பார்க்க ஆசை இருக்கும். இப்போதைக்கு டீச்சர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பொங்கல் காசு வந்த பிறகும் அதே வாட்ச் வேண்டும் என்று இருந்தால் எனக்கு எழுது. ஜனவரி 26 விற்பனைக்கு அப்போது நாள் குறித்திருப்பார்கள். உன் நோட்டிலும் மூன்று மாத விலை இருக்கும், அதையும் கடிதத்தோடு அனுப்பு.