பூனை வயிற்று நிணநீர் படித்து மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

சார், மகள் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பிவிஎஸ்சியின் முதலாண்டு அனாடமியை (உடற்கூறியலை)ப் பார்த்து மிரண்டு 'பூனை வயித்துல எத்தனை நிணநீர்க்கணு இருந்தா எனக்கென்ன' என்கிறாள், நீங்களும் பேசாமல் இன்ஜினியரிங்குக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் காரணத்துக்காக மாற்றாதீர்கள்.

அவள் கணுக்களின் பெயர்களிலிருந்து தொடங்குகிறாள், அதுதான் சிக்கல். ஜெஜுனல், இலியோகோலிக், ஹெபாடிக், மீடியல் இலியாக் என்று அடுக்கினால் யாருக்கும் தலை சுற்றும். பூனை தின்ற கொழுப்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கட்டும்: குடல் சுவரின் நுண்குழாய்கள் உறிஞ்சி, பால் மாதிரி வெளுத்த நிணநீராக, குடலைத் தாங்கும் சவ்வின் நடுவே நீளமாகக் கிடந்து நிணநீரை வடிகட்டும் ஜெஜுனல் (சிறுகுடலின் நடுப்பகுதிக்கான) கணுக்களைக் கடந்து, முதுகெலும்புக்கு அடியில் பெருந்தமனியை ஒட்டிய சிஸ்டர்னா கைலி என்ற பையில் சேர்ந்து, உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குழாயாகி, இதயத்துக்கு முன்னால் சிரையில் கலக்கிறது. 1622-ல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி, தீனி தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது கண்ணில் பட்டதும் இந்த வெள்ளைக் கோடுகள்தான்.

வேலை விஷயத்துக்கு வருவோம். வயதான பூனை இளைக்கிறது, வாந்தி எடுக்கிறது, ஸ்கேனில் ஜெஜுனல் கணு வீங்கியிருக்கிறது. குடல் லிம்போமாவா (நிணநீர்ச் செல் புற்றுநோயா), வெறும் அழற்சியா, இளம் பூனையென்றால் எஃப்ஐபி என்ற பூனைக் கொரோனா வைரஸ் நோயா? இயல்பில் சுமார் அரை சென்டிமீட்டர் பருமனே உள்ள கணு அது, இருக்குமிடம் தெரிந்தவர்தான் ஊசி போட்டு மாதிரி எடுக்க முடியும். அப்புறம், மார்பில் பால்நிறத் திரவம் சேர்ந்து மூச்சுத் திணறும் பூனைக்கு மார்புக்குழாயைக் கட்ட வேண்டிவந்தால், வழக்கமாக இடப்பக்கம் திறப்பார்கள், நாய்க்கு வலப்பக்கம். அனாடமி வகுப்பில் தூங்கியவர் இங்கே மாட்டிக்கொள்வார்!

ஒன்றை மறைக்கக் கூடாது. நம் கல்லூரிகளில் அனாடமி மாட்டை வைத்துத்தான் நடக்கும், நாயும் குதிரையும் ஒப்பீட்டுக்கு, பூனைக்கு ஓரமாகத்தான் இடம். டிஎன்பிஎஸ்சி எழுதி கால்நடை உதவி மருத்துவர் ஆனாலும் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான். பூனை வைத்தியம்தான் ஆசை என்றால், நான்கரை வருடப் படிப்பு முடிந்து வரும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பில் சிறுபிராணிகள் பிரிவின் ஸ்கேன் அறையை விட்டு நகரக் கூடாது. பிறகு முதுகலைப் படிப்பான எம்விஎஸ்சியில் சர்ஜரி அண்ட் ரேடியாலஜியோ மெடிசினோ எடுக்கலாம், பாடம் நடத்தப் பிடித்தால் அனாடமியே இருக்கிறது.

சரி, இந்த வாரம் ஒரு தாளில் குடலிலிருந்து சிரை வரை அந்தப் பாதையைப் புத்தகம் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள், பெயர்களைக் கடைசியில் எழுதிக்கொள்ளட்டும்.