மொரீஷியஸில் ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மொரீஷியஸில் தென்மேற்குப் பகுதிக்கு ஒருநாள் கார் சுற்றுலா பதிவு செய்கிறோம். பட்டியலில் எட்டு இடங்கள் உள்ளன. எட்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில்: அந்த எட்டில் எத்தனை கடைகள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பட்டியல்களில் பார்க்கத் தகுந்தவை நான்கைந்துதான்: கியூர்பைப் நகரில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய், கங்கா தலாவ் என்னும் புனித ஏரி, பிளாக் ரிவர் கோர்ஜஸ் பள்ளத்தாக்கின் காட்சி முனை, ஷமரெல் அருவி, அதே ஷமரெலில் ஏழு வண்ண மண். மற்றவை கப்பல் மாதிரி செய்யும் பட்டறை, 'வரியில்லா' நகைக்கடை போன்றவை. அங்கே வாங்குவதில் ஓட்டுநருக்குத் தரகு கிடைப்பது வழக்கம்.

கப்பல் மாதிரிகள் அருமையான கைவேலை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையை நாளின் தொடக்கத்தில் வைத்தால் சுற்றுலாவே கெட்டுவிடும். கியூர்பைப் இருக்கும் நடு மேட்டுநிலம் தென்கிழக்குக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இடம். காலையில் தெளிவாக இருந்தாலும் மதியத்துக்குள் மேகமும் தூறலும் சூழலாம். மூடுபனி இறங்கினால் சுமார் 300 மீட்டர் அகலமுள்ள எரிமலை வாயின் எதிர்க்கரைகூடத் தெரியாது. ஏழு வண்ண மண்ணுக்கும் வெயில் தேவை. எரிமலைப் பாறையான பசால்ட் சிதைந்து களிமண்ணாகி, அதில் தங்கிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் வந்த நிறங்கள் அவை. மேகமூட்டத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும்.

ஆகவே வரிசையை இப்படிக் கேளுங்கள்: முதலில் த்ரூ ஓ செர்ஃப், பிறகு கங்கா தலாவ், காட்சி முனை, முற்பகலுக்குள் ஷமரெல். கடை வேண்டுமானால் கடைசியில். வடக்கே கிராண்ட் பேயில் தங்கியிருந்தால் போர்ட் லூயிஸைக் கடந்துதான் தெற்கே வர வேண்டும். காலை அலுவலக நெரிசலுக்கு முன்பே, ஏழு மணிக்குள் கிளம்புங்கள். இந்த வரிசையை நேரத்தோடு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

கேள்வி: 'எல்லாம் உட்பட' என்றார்கள். ஷமரெல் வாசலில் தனியாக நுழைவுக் கட்டணம் கேட்பார்களா?

பதில்: எதெல்லாம் உட்பட என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எரிமலை வாய்க்கும் கங்கா தலாவுக்கும் கட்டணம் இல்லை. ஏழு வண்ண மண்ணுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும், அருவிப் பார்வைத்தளமும் அந்தச் சீட்டிலேயே அடங்கும். எரிபொருள், சீட்டு, மதிய உணவு, ஓட்டுநரின் கூடுதல் நேரம் ஆகிய நான்கும் தனித்தனியாகத் தெளிவாகட்டும். டாக்ஸிகளில் மீட்டரை நம்ப முடியாது. ஏறும் முன்பே மொத்தத் தொகை முடிவாக வேண்டும், அது ஆளுக்கா, வண்டிக்கா என்பதும்.

23 வண்ண மண் என்று விற்பது ஷமூனியில் உள்ள வேறொரு பூங்கா. அதற்கான சீட்டும் வேறு. த்ரூ ஓ செர்ஃப் வேறு, கிழக்குக் கடலில் உள்ள இல் ஓ செர்ஃப் தீவு வேறு. பதிவு ரசீதில் இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கடலுக்கடியில் அருவி பார்க்கப் படகுப் பயணம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தீவின் தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலை அருகே நீரோட்டம் மணலையும் வண்டலையும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் தடம்தான் மேலிருந்து அருவிபோல் தோன்றுகிறது. ஹெலிகாப்டரிலோ சிறுவிமானத்திலோ போனால்தான் அந்தத் தோற்றம் கிடைக்கும். படகிலிருந்து வெறும் நிற மாற்றம்தான். ஹெலிகாப்டர் பயணத்திலும் பாதை லெ மோர்ன் வரை போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குறுகிய பயணங்கள் சில வேறு பக்கம் சுற்றித் திரும்பிவிடும்.

கேள்வி: எரிமலைத் தீவு என்கிறார்கள். லாவா தெரியுமா?

பதில்: தெரியாது. மொரீஷியஸ் எரிமலைகள் அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எரிமலை வாய்க்குள் இன்று மரங்கள்தான் வளர்ந்து நிற்கின்றன. சீறும் எரிமலை அருகே ரீயூனியன் தீவில் இருக்கிறது, அது பிரான்ஸைச் சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டையும் சேர்த்து யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: முடிந்தவரை குறைவாக, அதுவும் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் உள்ள நிறுவனத்துக்கு மட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை உயர்ந்தால் சாலையில் வண்டி ஓடாது. அப்போது பணம் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும் தருவார்களா என்ற வரி ரசீதிலேயே இருக்க வேண்டும். மகா சிவராத்திரி நாட்களில் பக்தர்கள் நடந்தே கங்கா தலாவுக்குப் போவதால் வழியெங்கும் நெரிசல். வழிபடப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தில் தெற்குச் சுற்றுலாவைப் பதிவு செய்ய வேண்டாம்.