பி.பி.எஃப்.பா, மியூச்சுவல் ஃபண்டா? வாசகர் கேள்விகள்

புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன். 80சி சலுகை (முதலீடு செய்யும் பணத்துக்கான வரிக்கழிவு) போய்விட்டது. இனி பி.பி.எஃப்.பில் (பொது வருங்கால வைப்பு நிதி) பணம் போடுவது வீண்தானே? (மதுரை வாசகர்)

சலுகை போனது போடும் பணத்துக்குத்தான். வட்டிக்கு வரி இல்லை என்பது புதிய முறையிலும் அப்படியே இருக்கிறது. 30 சதவிகித வரி கட்டுபவருக்கு 7.1 சதவிகித பி.பி.எஃப். வட்டி கையில் தருவதை வங்கி டெபாசிட் தர வேண்டுமானால், அதன் வட்டி 10 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டும். அப்படித் தரும் வங்கி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்! ஆண்டுத் தொகையை மொத்தமாகப் போடுபவர்கள் ஏப்ரல் 5-க்குள் போட்டுவிடுங்கள். ஆறாம் தேதி 1.5 லட்சம் போட்டால் அந்த மாத வட்டி, ஏறக்குறைய 887 ரூபாய், போயே போய்விடும்.

ஆறு ஆண்டுகளில் வீடு வாங்க முன்பணம் வேண்டும். என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) சேர்க்கலாமா? (கோவை வாசகி)

வேண்டாம். வீட்டுக்கென்று கேட்டாலும் நீங்கள் போட்டதில் கால் பங்குக்கு மேல் இடையில் எடுக்க முடியாது. இதற்கு, வரி கட்டினாலும், நினைத்தபோது எடுக்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்டும் ஆர்.டி.யும்தான் சரி. பங்குச் சந்தை ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, மிச்சத்துக்கு 12.5 சதவிகிதம். லாபம் 2.5 லட்சம் என்றால் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றுவிடுங்கள். ஒரே மாதத்தில் விற்றால் கட்ட வேண்டிய 15,625 ரூபாய் மிச்சம். ஆனால், பணம் தேவைப்படும் ஆண்டுக்கு முன்பே பங்கு ஃபண்டிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். வரியைவிடச் சந்தைச் சரிவுதான் பெரிய செலவு.

சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனமே என்.பி.எஸ்.ஸில் போடுவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (சென்னை வாசகர்)

புதிய முறையிலும் நிலைத்திருக்கும் சில சலுகைகளில் இது ஒன்று. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவிகிதம் வரை வரி இல்லை. மாதம் ஒரு லட்சம் என்றால் ஆண்டுக்கு 1.68 லட்சம், 30 சதவிகித வரம்பில் 50,400 ரூபாய் மிச்சம். ஆனால், வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து ஏற்கெனவே வரியே கட்டாதவர் இதில் சேர்வதால் வரியில் ஒன்றும் மிச்சமில்லை. பணம்தான் முடங்கும். பிற்காலத்தில் வரும் பென்ஷனும் வரிக்கு உட்பட்டதே.

வி.பி.எஃப்.பில் (கட்டாய பி.எஃப்.புக்கு மேல் ஊழியர் தானே விரும்பிப் போடும் தொகை) பணம் போடலாமா?

தாராளமாக. பி.எஃப்.பையும் சேர்த்து உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், மிகையான தொகையின் வட்டிக்கு மட்டும் வரி உண்டு.